ஒரே ‘அ’, இரண்டு பெர்ஹாயெல்: சிந்தாரினில் ஒலிமாற்றம் இலக்கணமான விதம்

ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் தம் கதைகளில் வரும் எல்ஃப் என்னும் கற்பனை இனத்துக்காக உருவாக்கிய சிந்தாரின் மொழியைப் படிக்கத் தொடங்கிய நாட்களில் என்னை நெடுநேரம் நிறுத்திவைத்த இரண்டு வரிகளிலிருந்து ஆரம்பிக்கிறேன். முதல் வரி, ‘த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நாவலின் கடைசிப் பகுதியான ‘த ரிட்டர்ன் ஆஃப் த கிங்’ நூலில் (1955) வருகிறது. கதையின் தீய மோதிரம் அழிந்த பிறகு கோர்மல்லென் வெளியில் படை திரண்டு, அதை அழிக்கப் போன ஃப்ரோடோவையும் சாமையும் வாழ்த்துகிறது, அந்த வாழ்த்தில் இருவர் பெயரும் சேர்ந்து வரும் இடம் ‘தௌ³ர் அ பெ³ர்ஹாயெல்’ (³ குறி என்ன என்று சற்றுப் பின்னால் சொல்கிறேன்). இரண்டாவது வரி, ஆரகோர்ன் அரசனான பிறகு சாமுக்கு எழுதும் கடிதத்தின் முடிவில் இருக்கிறது. அந்தக் கடிதம் நாவலின் பின்னுரைக்காக எழுதப்பட்டது, பின்னுரை அச்சுக்குப் போகவில்லை, 1992இல் டோல்கீனின் வரைவுகளைத் தொகுத்து வெளியிட்டபோதுதான் வாசகர்கள் கைக்கு வந்தது. அங்கே ‘அ ஃபெர்ஹாயெல் அர் அம் மெரில்’ என்று இருக்கிறது.

முதல் வரியின் பொருள் ‘ஃப்ரோடோவும் சாமும்’. இரண்டாவதன் பொருள் ‘சாமுக்கும் ரோஸுக்கும்’. சாமின் சிந்தாரின் பெயர் பெர்ஹாயெல், அவர் மனைவி ரோஸின் பெயர் மெரில். அப்படியானால் ஒரே ‘அ’ ஓரிடத்தில் ‘உம்’ என்றும் இன்னோர் இடத்தில் ‘கு’ என்றும் பொருள் தருகிறது. கேட்பவருக்கு எது எது என்று எப்படித் தெரியும்? பெயரின் முதல் எழுத்தைப் பார்த்துத்தான். பெ³ என்று வந்தால் ‘சாமும்’, ஃபெ என்று வந்தால் ‘சாமுக்கு’. வேற்றுமையைக் காட்டும் வேலை இடைச்சொல்லிடமிருந்து நழுவி அடுத்த சொல்லின் முதல் மெய்யில் போய் உட்கார்ந்துவிட்டது. அது எப்படி அங்கே போனது என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி.

முதலில் எழுத்து விஷயம். தமிழ் எழுத்தில் இந்த மொழியை எழுதுவது கஷ்டம், ஏனென்றால் ‘படம்’ என்பதில் வரும் ஒலியையும் ‘கபம்’ என்பதில் வரும் ஒலியையும் நாம் ஒரே ப-வால்தான் எழுதுகிறோம், சிந்தாரினிலோ அவை வேறு வேறு. அதனால் சுலோகப் புத்தகங்களில் அச்சிடும் முறையை எடுத்துக்கொள்கிறேன். எண் இல்லாத க, த, ப எந்த இடத்தில் வந்தாலும் அழுத்தமான ஒலி. க³, த³, ப³ என்று மூன்று போட்டால் ‘தங்கம்’, ‘பந்து’, ‘அம்பு’ ஆகியவற்றில் வருகிற அதிர்வுள்ள ஒலி. முன்னால் ஆய்தம் வந்தால் காற்று உரசி வரும் ஒலி: ஃப நமக்கெல்லாம் தெரிந்தது, ஃத என்பது நாக்கு நுனியைப் பல்லில் வைத்து ஊதுவது, ஃக தொண்டைப் பக்கம் உரசுவது. கொஞ்சம் பொறுமையாகப் படித்தால் பழகிவிடும்.

சரி, முதல் திரிபு. இரண்டு உயிர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட வல்லின மெய் இளகும். இது உலகத்தில் எத்தனையோ மொழிகளில் நடப்பது, வாய்க்கு அதுதான் சுலபம். சிந்தாரினின் பழைய வடிவத்தில் ப, த, க மூன்றும் உயிர்களுக்கிடையே ப³, த³, க³ ஆயின. ஏற்கெனவே அதிர்வுள்ள ப³ ஒரு படி மேலே போய் வ ஆனது, த³ உரசொலியானது, க³ தேய்ந்து தேய்ந்து ஒன்றுமில்லாமல் போனது. ம என்பதும் வ ஆனது, ஸ என்பது ஹ ஆனது. டோல்கீனின் இன்னொரு எல்ஃப் மொழியான குவென்யா இந்த மாற்றத்துக்கு உட்படவில்லை, அதனால் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் நடந்தது பளிச்சென்று தெரியும்: மனிதன் குவென்யாவில் ‘அதன்’, சிந்தாரினில் ‘அத³ன்’. சாமின் பெயருக்குள்ளேயே இது இருக்கிறது. ‘பெர்’ என்றால் பாதி, ‘ஸாயெல்’ என்றால் அறிவுள்ள, சேர்ந்தால் பெர்ஹாயெல், ஸ இளகி ஹ ஆகிவிட்டது. சாமின் முழுப் பெயரான சாம்வைஸுக்குப் பழைய ஆங்கிலத்தில் அரைகுறை அறிவுள்ளவன் என்று பொருள், அதன் நேர் மொழிபெயர்ப்பு இது. ஆரகோர்ன் தன் கடிதத்தில், இவரைப் பந்ஃதாயெல், அதாவது முழு அறிவுள்ளவர் என்றல்லவா அழைக்க வேண்டும் என்று எழுதுகிறார். அந்த இடம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

இதுவரை நடந்தது வெறும் உச்சரிப்பு மாற்றம், இலக்கணம் அல்ல. தமிழிலும் ‘கபம்’ என்பதன் நடு ப இளகித்தான் ஒலிக்கிறது, ஆனால் அதற்குப் பொருள் ஏதும் கிடையாது, எழுத்தில்கூட நாம் காட்டுவதில்லை. சிந்தாரினில் அடுத்து நடந்ததுதான் முக்கியம். சின்ன இடைச்சொற்கள் தனியாக நின்று ஒலிப்பதில்லை, அடுத்த சொல்லோடு ஒட்டி ஒரே மூச்சில் வரும். இடைச்சொல் உயிரில் முடிந்தால், வருமொழியின் முதல் மெய் இரண்டு உயிர்களுக்கு நடுவே வந்துவிடுகிறது, சொல்லுக்குள் இருக்கும் மெய் எப்படி இளகியதோ அப்படியே இதுவும் இளகுகிறது. ‘உம்’ என்ற பொருளுடைய ‘அ’ பெர்ஹாயெலோடு சேர்ந்தபோது ப இளகி ‘அ பெ³ர்ஹாயெல்’ ஆனது.

‘கு’ என்ற பொருளுடைய சொல்லின் கதை வேறு. அது உண்மையில் ‘அ’ அல்ல, ‘அன்’. ன் என்ற மெல்லினமும் ப என்ற வல்லினமும் மோதியபோது வல்லினம் உரசொலியாக மாறியது, மெல்லினம் அதற்குள் கரைந்து மறைந்தது. அன் + பெர்ஹாயெல் = அ ஃபெர்ஹாயெல். நன்னூல் கணக்கில் சொன்னால் நிலைமொழி ஈறு கெட்டது, வருமொழி முதல் திரிந்தது. இது நாமாக ஊகித்ததா என்று சந்தேகப்படுபவர்களுக்கு அதே வரியிலேயே சாட்சி இருக்கிறது: ‘அம் மெரில்’. ம-வுக்கு முன்னால் அந்த ன் தொலையவில்லை, ம் ஆகத் திரிந்து கண்ணுக்குத் தெரிகிறபடி நிற்கிறது, ‘மரம்’ ‘மரங்கள்’ ஆகும்போது மகரம் அடுத்த எழுத்தின் இனத்துக்குப் போவதைப் போல. ஒரே வரியில் ஓரிடத்தில் மறைந்த எழுத்து, இரண்டு சொல் தள்ளி இன்னோர் இடத்தில் வெளிப்பட்டு நிற்கிறது. நீக்கப்பட்ட ஒரு பின்னுரைக்காக எழுதிய கடிதத்தின் கடைசி வாக்கியத்தில் இவ்வளவு கவனம்.

இப்போது முழுப் படம் தெரிகிறது. ன் இருந்த காலத்தில் ‘அ’, ‘அன்’ என்று இரண்டு சொற்கள் தனித்தனியாகக் கேட்டன, திரிபு வெறும் பக்கவிளைவு. ன் போன பிறகு இரண்டும் ‘அ’, இப்போது திரிபு ஒன்றுதான் மிச்சம், பொருளை அதுதான் சுமந்தாக வேண்டும். ஒலிமாற்றம் இலக்கணமாவது மாற்றம் நடக்கும் கணத்தில் அல்ல, அந்த மாற்றத்தைத் தூண்டிய ஒலி அழியும் கணத்தில். நான் இந்த மொழியிலிருந்து கற்றுக்கொண்ட முதன்மையான விஷயம் இதுதான், மற்ற எல்லாம் இதன் கிளைகள்.

டோல்கீன் இதை வெறுமனே கற்பனை செய்யவில்லை. சிந்தாரினின் ஒலியமைப்பை, பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் பேசும் வெல்ஷ் மொழியைப் போல அமைத்ததாக அவரே எழுதியிருக்கிறார். சிறு வயதில் நிலக்கரி வண்டிகளின் பக்கவாட்டில் எழுதியிருந்த வெல்ஷ் ஊர்ப் பெயர்களைப் பார்த்து மயங்கியவர் அவர். வெல்ஷில் பூனை ‘காஃத்’. ‘அவனுடைய’ என்பதற்கும் ‘அவளுடைய’ என்பதற்கும் ஒரே சொல்தான், ‘ஏய்’ மாதிரி ஒலிக்கும். அவன் பூனை என்றால் க இளகி க³ ஆகும், அவள் பூனை என்றால் க உரசி ஃக ஆகும். பூனையின் முதல் எழுத்துதான் உரிமையாளர் ஆணா பெண்ணா என்று சொல்கிறது. பெர்ஹாயெலுக்கு நடந்ததும் அச்சாக இதுவே. வெல்ஷிலும் காரணம் இதே ரகம்தான்: பழங்காலத்தில் அந்த இரண்டு சொற்களின் ஈறுகள் வேறு வேறாக இருந்தன, ஈறுகள் அழிந்தன, தடம் மட்டும் நின்றது.

அடுத்த சான்று நாவல் படித்த எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் இருக்கிறது, மோரியா என்ற நிலத்தடி நகரத்தின் மேற்கு வாயில். கதவில் பொறித்த வாசகத்தின் கடைசிப் பகுதி ‘இ ஃதிவ் ஹின்’, பொருள் ‘இந்த எழுத்துகளை’. எழுத்து ஒருமையில் ‘தேவ்’, பன்மையில் ‘தீவ்’. சுட்டிச் சொல்லும் இடைச்சொல் ஒருமையில் ‘இ’, பன்மையில் ‘இன்’. இன் + தீவ் சேர்ந்தபோது அதே கதை: ன் மறைந்தது, த உரசொலியானது, ‘இ ஃதிவ்’. பின்னால் வரும் ‘ஹின்’ உண்மையில் ‘ஸின்’, பெயரை ஒட்டி வந்ததால் ஸ இளகி ஹ ஆகிவிட்டது. மூன்றே சொற்கள், இரண்டு வகைத் திரிபு. அகராதியில் ஃதிவ் தேடினாலும் கிடைக்காது, ஹின் தேடினாலும் கிடைக்காது. நான் தேடிப் பார்த்துக் கிடைக்காமல் நோட்டில் கேள்விக்குறி போட்டு வைத்திருந்தேன். திரிபைப் பின்னோக்கி அவிழ்க்கத் தெரியாமல் இந்த மொழியில் ஒரு சொல்லைக்கூடத் தேட முடியாது என்பது அப்போதுதான் புரிந்தது.

தேவ், தீவ் என்று உயிர் மாறியது ஏன்? இது இன்னொரு மாற்றம், அதே தர்க்கம். பழைய பன்மை விகுதி ஓர் ஈகாரம். பின்னால் ஈகாரம் வரப்போகிறது என்று தெரிந்த நாக்கு முன்கூட்டியே உயர்ந்து முன் உயிர்களையும் அந்தப் பக்கம் இழுத்தது. பிறகு கடைசி ஈகாரம் உதிர்ந்தது. குவென்யாவில் மனிதர்கள் ‘அதனி’, விகுதி இன்னும் இருக்கிறது. சிந்தாரினில் ‘எதை³ன்’, விகுதி இல்லை, உள்ளே இருக்கும் உயிர்கள் மாறியதே பன்மை. மலை ‘அமோன்’, மலைகள் ‘எமின்’. கதவு வாசகம் தொடங்கும் ‘என்னின்’ கூட ‘அன்னோன்’ என்பதன் பன்மை. வெல்ஷில் கோட்டை ‘காஸ்தெல்’, கோட்டைகள் ‘கெஸ்திஹ்ல்’ போல ஒலிக்கும், ஆங்கிலத்தில் ஃபுட் ஃபீட் ஆவதும் இதே வகை.

இரண்டு மாற்றமும் ஒரே சொல்லில் சேர்ந்து வரும் இடம் வேண்டுமா? ‘கலென்’ என்றால் பச்சை. ஃப்ரோடோவின் கூட்டம் பிரிகிற புல்வெளி ‘பர்ஃத் க³லென்’, பச்சைப் புல்தரை. பெயருக்குப் பின்னால் வரும் உரிச்சொல்லின் முதல் மெய் இளகும் என்பதால் க³. கோந்தோர் நாட்டின் பச்சைக் குன்றுகள் ‘பின்னஃத் கெ³லின்’. கலென், க³லென், கெ³லின். ஓர் ஊர்ப் படத்தில் எங்கோ மூலையில் கிடக்கும் இரண்டு பெயர்களை வைத்தே, முதல் எழுத்து எதைச் சொல்கிறது, உயிர்கள் எதைச் சொல்கின்றன என்று பிரித்துக் காட்டிவிடலாம்.

விதி பொய்க்கிற மாதிரித் தோன்றும் இடங்கள் இதைவிட முக்கியம். மோர்தோ³ர் என்ற நாட்டின் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ‘மோர்’ இருள், ‘தோ³ர்’ நாடு. கூட்டுச்சொல்லில் இரண்டாம் பகுதியின் முதல் மெய் இளக வேண்டும், த³ உரசொலியாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. காரணம், நாடு என்ற சொல்லின் வேர் வெறும் த³-வில் தொடங்கவில்லை, ‘ந்தோ³ர்’ என்று மெல்லினமும் வல்லினமும் சேர்ந்து தொடங்கியது. சொல்லின் தொடக்கத்தில் அந்த ந் பிற்பாடு உதிர்ந்துவிட்டது, ஆனால் இளகும் மாற்றம் நடந்த காலத்தில் அது அங்கே காவலுக்கு நின்றது. மோர்கு³ல் என்ற இன்னோர் இடப்பெயரில் க³ தேயாமல் நிற்பதற்கும் இதுவே காரணம், அதன் வேர் ‘ங்க்³’ என்று தொடங்கியது. சாதாரண க³ என்றால் ‘க்³வைஃத்’ (மக்கள், அவர்கள் வாழும் பகுதி) என்ற சொல் ‘எனெத்³வைஃத்’ என்ற பெயரில் க்³ இழந்து நிற்பதைப் போல இழந்திருக்கும். ஆக, இன்று ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு த³, இரண்டு க³, இலக்கணத்தில் வேறு வேறாக நடந்துகொள்கின்றன, தம் பழைய உருவத்தை மறக்காமல்.

செயற்கை மொழி செய்பவர்கள் பலர் திரிபு அட்டவணையை முதலில் போட்டுவிட்டு அதைச் சொற்களின் மேல் ஒட்டுகிறார்கள். அப்படிச் செய்தால் மோர்தோ³ர் மாதிரி விலக்கு பிறக்கவே பிறக்காது, எல்லாம் ஒரே சீராக இருக்கும், படித்தால் உயிரில்லாமல் இருக்கும். டோல்கீன் வேர்களை எழுதி, மாற்றங்களை வரிசைப்படி ஓட்டி, கடைசியில் என்ன வந்ததோ அதை ஏற்றுக்கொண்டார். இந்த மொழியின் முதல் அகராதியை அவர் 1917 வாக்கில் எழுதினார், நாவல் வெளிவந்தது 1954இலும் 1955இலும், இடையில் மொழியின் பெயரே மாறியது. சில முடிச்சுகள் அவிழாமலும் இருக்கின்றன. ‘அ பெ³ர்ஹாயெல்’ என்பதில் இளக வைத்த அதே ‘உம்’, மோரியா வாயிலில் ‘அ மின்னோ’ (உள்ளே வா) என்ற இடத்தில் ம-வை அப்படியே விட்டுவிடுகிறது. நாற்பது வருடம் திருத்திக்கொண்டே இருந்த மொழியில் பழைய அடுக்கு ஒன்று எட்டிப் பார்க்கிறது என்றே நான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

வேறொரு செயற்கை மொழியிலும் இதைச் சோதித்துப் பார்த்தேன். 2009இல் வந்த ‘அவதார்’ படத்துக்காக மொழியியலாளர் பால் ஃப்ரோமர் செய்த நாவி மொழியில் வேட்டைக்காரன் ‘தாரோன்யு’. பன்மை முன்னொட்டு ‘அய்’ சேர்ந்தால் முதல் மெய் இளகி ‘அய்ஸாரோன்யு’. அப்புறம், பேச்சில் முன்னொட்டையே விட்டுவிடலாம்: ‘ஸாரோன்யு’ என்றாலே வேட்டைக்காரர்கள். தூண்டியது போய்விட்டது, தடம் பன்மையாகிவிட்டது. ஆனால் மெய்யை இளக்கும் ‘மி’ (உள்ளே) போன்ற முன்னிடைச்சொல்லுக்குப் பின்னால் இந்தக் குறுக்கம் செல்லாது, ஏனென்றால் அங்கே ஸ வந்தது பன்மையாலா ‘மி’யாலா என்று கேட்பவருக்குத் தெரியாது. பொருளைச் சுமக்கும் தடம், வேறு காரணத்தாலும் வரக்கூடிய இடத்தில் சுமக்க முடிவதில்லை. சிந்தாரினில் நூற்றாண்டுகள் கடந்து நடப்பதாகக் காட்டுவதை நாவி ஒரே காலத்தில் நம் முன்னால் செய்துகாட்டுகிறது.

தமிழ் வாசகருக்கு இது அந்நியமே இல்லை. திரும்பு, திருப்பு. அடங்கு, அடக்கு. வருந்து, வருத்து. தானே நடக்கும் வினைக்கும் பிறரால் நடத்தப்படும் வினைக்கும் இடையே நாம் வைத்திருக்கும் வேறுபாடு, மெல்லினம் நிற்கிறதா வல்லினம் இரட்டித்ததா என்பதில்தான் இருக்கிறது. வரலாற்று மொழியியலாளர்கள் இதற்குச் சொல்லும் விளக்கமும் அதே மாதிரிதான்: மெல்லினத்துக்குப் பின் வல்லினம் இரட்டித்து வந்த பழைய வடிவங்களில் மெல்லினம் உதிர்ந்தது, இரட்டிப்பு நின்றது. ‘அ ஃபெர்ஹாயெல்’ புரிய ஒருவருக்கு வெல்ஷ் தெரிந்திருக்க வேண்டியதில்லை, திருப்பு என்ற சொல்லைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் போதும்.

கடைசியாக ஒரு சொல், திரிய வேண்டிய இடத்தில் திரியாமல் நிற்பது. மோரியா வாயிலில் கதவைத் திறக்க மந்திரவாதி காண்டால்ஃப் மந்திரம் சொல்கிறார், அதில் ‘லாஸ்தோ பெ³ஃத் லம்மென்’ என்று வரும், ‘என் நாவின் சொல்லைக் கேள்’. சொல் என்பது ‘பெஃத்’, கேள் என்ற வினைக்குச் செயப்படுபொருளாக வந்ததால் இளகி ‘பெ³ஃத்’. சிந்தாரினில் செயப்படுபொருள் இளகும், அதுதான் இங்கே இரண்டாம் வேற்றுமை. அரசனின் கடிதத்திலும் நண்பர்களை வாழ்த்த விரும்புகிறார் என்ற இடத்தில் ‘மெல்லின்’ (நண்பர்கள்) இளகி வ-வில் தொடங்கும் ‘வெல்லின்’ ஆகிறது. அப்படியென்றால் கதவில் பொறித்த ‘பெதோ³ மெல்லோன்’ என்பதில் மெல்லோன், அதாவது நண்பன், ‘சொல்’ என்ற வினைக்குச் செயப்படுபொருளாக இருந்தால் ‘வெல்லோன்’ என்றல்லவா வந்திருக்க வேண்டும்? வரவில்லை. வாக்கியத்தோடு ஒட்டாமல், மேற்கோளுக்குள் வைத்த சொல்லைப் போல, ம குலையாமல் நிற்கிறது. ‘நண்பனே, சொல், உள்ளே வா’ என்றும் படிக்கலாம், ‘“நண்பன்” என்று சொல், உள்ளே வா’ என்றும் படிக்கலாம். காண்டால்ஃப் முதல் வழியில் படித்துவிட்டு, தனக்குத் தெரிந்த மந்திரங்களையெல்லாம் சொல்லிப் பார்த்து, கதவு திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார். என் வாசிப்பில், இரண்டு பொருளுக்கும் வழி விட்டு வைத்திருப்பது இளகாத அந்த ஒரு ம-தான். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, கோலை எடுத்துக்கொண்டு பாறையின் முன்னால் நின்று, அந்தச் சொல்லை எழுதியிருந்தபடியே ம-வோடு சொல்கிறார். கதவு திறக்கிறது.